பட்டமளிப்பு மேடையில் எழுந்த குரல்

(தஞ்சோங் காராங் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



சந்தா பாக்கி, வீட்டுக் கூரைப் பழுது, மழைநாள் சம்பளம் என்று பேச வேண்டிய விஷயங்கள் நம் முன்னே குவிந்து கிடக்கின்றன. இவற்றை விட்டுவிட்டுப் பட்டமளிப்பு விழாவைப் பற்றி ஏன் பேசவேண்டும் என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஆனால் சென்ற சில வாரங்களாக நம் வட்டாரத்துத் தேநீர்க் கடைகளில் எதைப் பற்றி வாக்குவாதம் நடந்தது என்பது உங்களுக்கே தெரியும். புக்கிட் ரோத்தானிலும் பேசினார்கள். பெஸ்தாரி ஜெயாவிலும் பேசினார்கள். பேச்சு முற்றி, நேற்றுவரை ஒரே மேசையில் உட்கார்ந்த இருவர் முகம் திருப்பிக்கொண்டு போன சங்கதியும் உண்டு. நம்முடைய உறுப்பினர்களைப் பிரித்து வைக்கிற எந்த விஷயமும் சங்கத்தின் விஷயமே. ஆகவேதான் பேசுகிறோம்.

நடந்தது என்ன?

2025 ஆகஸ்ட் 13-ஆம் நாள், தமிழ்நாட்டில் திருநெல்வேலி மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழா. ஆளுநர் ஆர்.என்.ரவி மேடையில் நின்று பட்டம் வழங்கிக்கொண்டிருந்தார். ஜீன் ஜோசப் என்ற ஆராய்ச்சி மாணவியின் முறை வந்தது. அவர் ஆளுநரைக் கடந்து சென்றார். பக்கத்தில் நின்ற துணைவேந்தரிடம் பட்டத்தைப் பெற்றுக்கொண்டு இறங்கினார். கூச்சல் இல்லை, அட்டை இல்லை, வசைச்சொல் இல்லை. தமிழ்நாட்டுக்கும் தமிழுக்கும் எதிராக நடந்துகொள்பவர் கையால் வாங்க விரும்பவில்லை என்று பின்னர் காரணம் சொன்னார்.

அவ்வளவுதான். ஆனால் அதன் பிறகு எழுந்த சத்தம் கொஞ்சமல்ல. வீரமங்கை என்றனர் ஒரு சாரார். மலிவான நாடகம் என்றனர் மறு சாரார். அவருடைய கணவர் தி.மு.க. பொறுப்பாளர் என்பது தெரிந்ததும், இது கட்சி வேலை என்று எதிர்க்கட்சிக்காரர்கள் சொன்னார்கள். மனைவிக்குச் சொந்த மூளை இருக்கக்கூடாதா என்று பதிலுக்குக் கேட்டார்கள்.

அந்தப் படத்தை நம் பிள்ளைகள் கைப்பேசியில் காட்டினார்கள். நம்மில் பெரும்பாலோர் கைதட்டினோம். அப்போது ஓர் இளைஞர் கேட்ட கேள்விதான் நம்மைத் தூங்கவிடவில்லை. "2019-இல் நம் நாட்டிலேயே ஒரு மாணவன் மேடையில் குரல் கொடுத்தபோது, மரியாதை தெரியாதவன் என்று இதே கடையில் உட்கார்ந்து நீங்கள் பேசவில்லையா?" என்று கேட்டார்.

பேசினோம். மறைக்க வேண்டியதில்லை.

அந்தச் சம்பவத்தையும் நினைவுபடுத்துகிறோம். 2019 அக்டோபர் 6-ஆம் நாள் ஷா ஆலாம் மெலாவத்தி அரங்கத்தில் மலாய்க்காரர் தன்மான மாநாடு நடந்தது. மலாயாப் பல்கலைக்கழகத் துணைவேந்தரும் அதிலே உரையாற்றினார். அந்த உரை இனவாதம் கொண்டது என்று மாணவர் சிலர் குற்றஞ்சாட்டினர். எட்டு நாள் கழித்து, அக்டோபர் 14-ஆம் நாள், கோலாலம்பூரில் அப்பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழா. வோங் யான் கெ என்ற பொறியியல் பட்டதாரி, தம் பட்டச்சுருளை வாங்கியவுடன், ஓர் அட்டையை உயர்த்திப் பிடித்தார். துணைவேந்தர் பதவி விலக வேண்டும், இனவாதத்தை நிராகரிப்போம் என்று மலாய் மொழியில் முழங்கினார். பாதுகாவலர் வந்து அழைத்துச் சென்றனர். இதே நோக்கத்தோடு வந்த இன்னொரு மாணவர் மேடை ஏறவிடாமல் தடுக்கப்பட்டார். பல்கலைக்கழகம் போலீசில் புகார் செய்தது. பின்னாளில் வோங் மீது தண்டனைச் சட்டத்தின் 504-ஆம் பிரிவின்கீழ் வழக்கும் வந்தது. வேண்டுமென்றே அவமதித்து அமைதிக்குலைவைத் தூண்டினார் என்பது அப்பிரிவின் சாரம்.

துணைவேந்தரின் உரைக்குத் தீர்ப்புச் சொல்ல நாம் இங்கே கூடவில்லை. நாட்டு மக்கள் எப்படி நடந்துகொண்டார்கள், நாம் எப்படி நடந்துகொண்டோம் என்பதையே பார்க்கிறோம். சில விநாடி எழுந்த குரல் அது. அதற்குப் பல வாரம் பதில் பேசினார்கள். அந்தப் பதில்களைத் திரட்டிப் பார்த்தால் நான்கு வாதங்கள் தேறும். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதல் வாதம்: அந்த நாள் எல்லோருக்கும் சொந்தமான நாள். பெற்றோர்கள் தூரந்தொலைவிலிருந்து வந்திருக்கிறார்கள். ஒருவன் கூச்சலிட்டு எல்லோருடைய மகிழ்ச்சியையும் கெடுக்கலாமா?

தோழர்களே, இந்த வாதத்தை நாம் லேசாகத் தள்ளிவிடக் கூடாது. தோட்டத்து வீட்டிலிருந்து ஒரு பிள்ளை பல்கலைக்கழகம் போவதென்றால் என்ன என்பது நமக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் தாய் இருட்டோடு எழுந்து, நெற்றியில் விளக்குக் கட்டி, கொசுக்கடியில் மரம் வெட்டியவள். அந்த ஒரு நாளுக்காகச் சேலை வாங்கி, வேன் பேசி, பிள்ளையின் பேரைக் கூப்பிடும் அந்த நொடிக்காகக் காத்திருப்பாள். அந்த நொடியை இன்னொருவர் பறித்தால் அவள் மனம் நோகும். ஆகவே, எதிர்ப்புத் தெரிவிக்கிறவர் தம் முறை வரும்போது மட்டுமே தெரிவிக்க வேண்டும்; அடுத்த பிள்ளையின் நொடியைத் தொடக்கூடாது என்பது நியாயமான கட்டுப்பாடு. திருநெல்வேலி மாணவி அதை முழுமையாகக் காத்தார். மலாயாப் பல்கலைக்கழக மாணவரோ சத்தமிட்டார். ஆயினும் தம்முடைய பட்டத்தை வாங்கும் நேரத்தில்தான் சத்தமிட்டார். குறை சொல்வதானால் அந்த அளவுக்குச் சொல்லலாம். அதைத் தாண்டி, விழாவையே நாசமாக்கினார் என்று சொல்வது அளவு மீறிய பேச்சு.

இரண்டாவது வாதம்: பட்டம் கொடுத்த இடத்தையே எதிர்ப்பதா? உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வதா?

இந்தச் சொல் நமக்குப் புதிதா? "துரை சோறு போடுகிறார், அவரை எதிர்த்துச் சங்கம் வைக்கிறாயா?" என்று நம் பாட்டன்மாரைக் கேட்டார்களே, அதே சொல்தான். பால் நாம் எடுத்தோம். சோறு நாம் உழைத்துத் தின்றோம். பல்கலைக்கழகமும் அப்படியே. அது மக்கள் வரிப்பணத்தில் நடக்கிறது. கடையில் சாமான் வாங்குகிற தொழிலாளியும் வரி கட்டுகிறான். பட்டம் என்பது துணைவேந்தர் தம் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கிற இனாம் அன்று. மாணவன் பல ஆண்டு படித்து, பரீட்சை எழுதிச் சம்பாதித்தது.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல விரும்புகிறோம். அந்த மாணவருக்குப் பட்டத்தைக் கொடுத்திருக்கக் கூடாது, கொடுத்ததையும் பறிக்க வேண்டும் என்று அன்றைக்குப் பேசியவர்கள் உண்டு. நம் கடையிலும் ஒருவர் பேசினார். தோழர்களே, பிரட்டுக்களத்தில் ஒரு தொழிலாளி மானேஜரைப் பார்த்து உரத்துப் பேசிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு விசாரணை வைக்கலாம்; எச்சரிக்கைக் கடிதம் கொடுக்கலாம். ஆனால் அவன் ஏற்கெனவே வெட்டி, எடுத்து, நிறுத்துப் போட்ட பாலுக்குச் சம்பளம் இல்லை என்று சொல்ல முடியுமா? செக்ரோலில் ஏறிய பேரை அழிக்க முடியுமா? கிராணிமார்கள் இங்கே இருக்கிறீர்கள், நீங்களே சொல்லுங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் அதற்கு இடங்கொடுக்காது. சம்பளத்தில் எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது என்று வரம்பு கட்டியிருக்கிறது. தவறு செய்தவனை வேலையைவிட்டு நீக்குவதற்குக்கூட முறையான விசாரணை வேண்டும் என்கிறது. நமக்கு இந்த நியாயம் வேண்டும் என்றால், மாணவனுக்கும் இதே நியாயம் வேண்டும். படித்துத் தேறியவனின் பட்டம் அவனுடைய சம்பளம். அதில் கைவைக்கச் சொல்லி ஒரு தொழிலாளி கேட்டால், தன் சம்பளத்தில் கைவைக்க மானேஜருக்கு அவனே வழி காட்டுகிறான்.

மூன்றாவது வாதம்: எதற்கும் ஓர் இடம் உண்டு. மனுக் கொடுக்கலாமே, பேச்சு நடத்தலாமே, மேடையில்தான் மரியாதைக் குறைவாக நடக்க வேண்டுமா?

மனுவும் பேச்சும் சங்கத்தின் இரண்டு கைகள். அவற்றை நாம் குறைத்துப் பேசமாட்டோம். ஆனால் மரியாதை என்ற சொல்லின் வரலாற்றை நாம் மறந்துவிடலாகாது. 1941-இல் கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூர்த் தோட்டங்களில் பரவிய வேலைநிறுத்தத்தை நம் முதியவர்கள் கதையாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்போது தொழிலாளர் வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள். தமிழருக்கும் சீனருக்கும் சமசம்பளம், பிள்ளைகளுக்குப் படிப்பு, கள்ளுக்கடைகளை மூடுவது, பேசவும் கூட்டம் கூடவும் சுதந்திரம், குறை சொன்னவர்களைப் பழிவாங்காமலிருப்பது. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரைமார்களுக்கும் ஆசிய உத்தியோகஸ்தர்களுக்கும் முன்னால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்காமல் போகலாம் என்பது அந்தக் கோரிக்கை.

இன்றைய பிள்ளைகளுக்கு இது விளங்காது. துரை எதிரே வந்தால் சைக்கிளைவிட்டு இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். அதுதான் அன்றைய மரியாதை. இறங்காதவன் அடங்காதவன். பெரிய கிராணிக்கு முன்னாலும் அப்படியே. கிராணிமார்கள் வருத்தப்பட வேண்டாம். நடந்தது நடந்ததுதான், இன்று நாம் ஒரே கொட்டகையில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதே அந்தப் போராட்டத்தின் பலன். அந்த வேலைநிறுத்தத்தின் தலைவர்களில் ஒருவரான ஆர்.எச்.நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். துருப்புகள் வந்தன. ஐந்து பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சைக்கிளில் உட்கார்ந்தபடி போவதும் அந்த உயிர்கள் கேட்ட உரிமைகளில் ஒன்று.

ஆகையால், ஒருவன் மரியாதைக் குறைவாக நடந்தான் என்று கேட்டவுடனே நாம் அவசரப்படக் கூடாது. யாருக்குக் காட்ட வேண்டிய மரியாதை, அதை யார் விதித்தார்கள், அதனால் யார் வாய் அடைபடுகிறது என்று கேட்க வேண்டும். பெரியவருக்கு வணக்கம் சொல்வது பண்பு. பெரியவர் செய்வதெல்லாம் சரி என்று தலையாட்டுவது வேறு சங்கதி.

நான்காவது வாதம் வெளியே உரக்கச் சொல்லப்படவில்லை. ஆனால் பலருடைய மனத்தில் இருந்தது. 2019-இல் குரல் கொடுத்தவர் சீன மாணவர். அவர் பேசியது மலாய்க்காரர் மாநாட்டுப் பேச்சைப் பற்றி. உடனே விவகாரம் இனத்தின் நிறத்தைப் பூசிக்கொண்டது. நம்மவர்களும், "இது அவர்களுக்குள் நடக்கிற சண்டை, நமக்கேன் வம்பு" என்று ஒதுங்கினோம். திருநெல்வேலியில் நம் மொழி பேசும் பெண் என்றதும் கைதட்டினோம். இளைஞர் நம்மைப் பிடித்த இடம் இதுதான்.

தோழர்களே, பால் நிறுக்க ஒரு தராசு, ஒட்டுப்பால் நிறுக்க ஒரு தராசு என்று நிர்வாகம் வைத்தால் நாம் விடுவோமா? அப்படியானால் நம் கையில் மட்டும் எப்படி இரண்டு தராசு இருக்கலாம்? சோதனை சுலபமானது. மேடையில் நின்றவர் நம் இனத்தவராக இருந்தால் என்ன சொல்வோம்? நமக்குப் பிடிக்காத கொள்கையை ஒருவர் இதே முறையில் சொன்னால் என்ன சொல்வோம்? திருநெல்வேலியில் கைதட்டியவர், நாளைக்குத் தமக்குப் பிடித்த தலைவரை ஒரு மாணவர் கடந்து போனால், அதையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். கைதட்டாவிட்டாலும் பொறுத்துக்கொள்ள வேண்டும். கருத்தை ஏற்பது வேறு. கருத்துச் சொன்னவனைத் தண்டிக்காமல் இருப்பது வேறு. இரண்டாவதற்கு உடன்பாடு தேவையில்லை, நேர்மை போதும்.

நமக்கேன் வம்பு என்று ஒதுங்குகிறவர்களுக்கு இன்னொரு பழைய கணக்கையும் காட்ட வேண்டியிருக்கிறது.

1974-ஆம் ஆண்டின் கடைசியில் ரப்பர் விலை சரிந்தது. கெடா மாநிலம் பாலிங்கில் சிறுதோட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போனார்கள். அவர்கள் நம்மைப்போல் மரம் வெட்டிப் பிழைத்தவர்கள், பெரும்பாலும் மலாய்க்காரர்கள். அவர்களுக்காகக் கோலாலம்பூரில் தெருவில் இறங்கியவர்கள் யார்? மாணவர்கள். டிசம்பர் 3-ஆம் நாள் நகரத் திடலில் கூடிய மாணவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். பிற்காலத்தில் பிரதமரான அன்வார் இப்ராஹிம் அந்தப் போராட்டத்துக்காகத்தான் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் ஏறத்தாழ இரண்டாண்டு அடைபட்டார். உளி பிடிக்காத கைகள் உளி பிடித்தவனின் விலைக்காக விலங்கு பூண்டன.

அதற்கு வந்த பதில் என்ன? 1971-இல் இயற்றப்பட்ட பல்கலைக்கழக, பல்கலைக்கழகக் கல்லூரிச் சட்டம் 1975-இல் இறுக்கப்பட்டது. மாணவன் அரசியல் கட்சியில் சேரக்கூடாது, ஆதரவும் காட்டக்கூடாது என்றது. அதோடு நின்றதா? தொழிற்சங்கத்துக்கும் ஆதரவு காட்டக்கூடாது என்றது! கவனியுங்கள். நம் பிள்ளை பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்துவிட்டால், தன் தாயும் தகப்பனும் சந்தா கட்டுகிற சங்கத்துக்கு ஆதரவாக வாய் திறப்பது குற்றம் என்று நெடுங்காலம் சட்டம் இருந்தது. மாணவனின் வாயும் தொழிலாளியின் வாயும் ஒரே பூட்டில் பூட்டப்பட்டிருந்தன. வம்பு நம்மைத் தேடி வந்த விதம் அது.

அந்தப் பூட்டு தானாகத் திறக்கவில்லை. 2010 ஏப்ரலில், நமக்குப் பக்கத்திலேயே, உலு சிலாங்கூர் இடைத்தேர்தல் நடந்தது. அங்கே போன மலேசியத் தேசியப் பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் மீது இந்தச் சட்டத்தின்கீழ் ஒழுங்கு நடவடிக்கை பாய்ந்தது. அவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2011 அக்டோபர் 31-ஆம் நாள், மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளில் இருவர், அந்தத் தடைப்பிரிவு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தனர். அதற்குப் பிறகே சட்டம் படிப்படியாகத் திருத்தப்பட்டது. நால்வரில் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தவர் இருந்தனர். பேச்சுரிமை கிடைத்தபோது இனம் பார்த்துக் கிடைக்கவில்லை.

இனி, இந்த உரையின் முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

கடையில் நடந்த வாக்குவாதத்தை ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு தாய், கடைசியில் எங்களிடம் வந்தார். பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகும் அதே தோட்டத்தில் உழைத்தவர். மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். "நீங்கள் எல்லாரும் நன்றாகத்தான் பேசுகிறீர்கள். என் மகள் நாளைக்கு அந்த மாதிரி மேடையில் நின்று ஏதாவது செய்துவிட்டால், பட்டமும் போய், படிப்புக்கடனும் தலையில் நின்றால், நான் யாரிடம் போவேன்? அவளுக்கு என்ன புத்தி சொல்லட்டும்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்ல எங்களால் முடியவில்லை. இன்று சொல்கிறோம்.

அம்மா, மேடையில் நின்று குரல் கொடு என்று உங்கள் மகளுக்கு நாங்கள் சொல்லமாட்டோம். அடுத்தவர் பிள்ளையை முன்னே தள்ளிவிட்டுப் பின்னே நின்று கைதட்டுவது கோழைத்தனம். வாயை மூடிக்கொண்டு வா என்றும் சொல்லமாட்டோம். அப்படிச் சொல்லிப் பழக்கினால், படிப்பு முடிந்து வேலைக்குப் போகும் இடத்திலும் அவள் வாய் மூடியே இருக்கும். அவளிடம் நீங்கள் மூன்று விஷயம் சொல்லுங்கள். செய்வதற்கு முன் யோசி. உண்மையைத் தெரிந்துகொண்டு யோசி. தனிமரம் தோப்பாகாது, உன்னைப் போல் எண்ணுகிறவர்களைச் சேர்த்துக்கொண்டு செய். எதைச் செய்தாலும் அதற்குரிய விலையை அறிந்து செய். அந்த விலையை அடுத்தவர் தலையில் கட்டாதே. சங்கம் நமக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இந்த மூன்றும்தான். வாக்கெடுப்பு இல்லாமல் நாம் வேலைநிறுத்தம் செய்வதில்லை.

யாரிடம் போவேன் என்று கேட்டீர்களே, எங்களிடம் வாருங்கள். உங்கள் மகள் செய்தது எங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம். அதை அவள் முகத்துக்கு நேரே சொல்வோம். ஆனால் அவள் சம்பாதித்த பட்டத்தை யாராவது பறிக்க வந்தால், அவளை விசாரிக்கும் இடத்தில் துணையில்லாமல் நிறுத்தினால், ஓர் ஒழுங்குக் குற்றத்துக்குப் போலீசையும் நீதிமன்றத்தையும் காட்டிப் பயமுறுத்தினால், நாங்கள் உங்களோடு நிற்போம். அந்த மாணவி உங்கள் மகளாக இல்லாமல், ஒரு சீனர் மகளாகவோ மலாய்க்காரர் மகளாகவோ இருந்தாலும் நிற்போம்.

இதைச் சபையோர் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இன்று பேசினோம். கேட்பது மூன்றே. மாணவன் எவனாயினும், அவன் சொன்னது எதுவாயினும், பெற்ற பட்டத்தைப் பறிக்கச் சொல்லும் எந்தக் கடிதத்திலும் நம் உறுப்பினர் கையெழுத்திடலாகாது. ஒழுங்கு நடவடிக்கை என்று வந்தால், தோட்டத்து உள்விசாரணையில் நாம் கேட்கிற அதே நியாயத்தை மாணவருக்கும் கேட்க வேண்டும்: குற்றச்சாட்டு எழுத்தில் வேண்டும், துணைக்கு ஆள் வேண்டும், செய்த பிழைக்கு ஏற்ற தண்டனையே வேண்டும். நம் வட்டாரத்திலிருந்து பல்கலைக்கழகம் போன பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது அழைத்து, அவர்கள் பேச நாமும், நாம் பேச அவர்களும் கேட்க வேண்டும். ஒரு காலத்தில் சட்டம் தடுத்த சந்திப்பு அது. இன்று தடுப்பது நம் சோம்பல் ஒன்றுதான்.

2019-இல் நாம் தவறிவிட்டோம். அந்த மாணவர் செய்த முறை பற்றி நம்மிடையே இன்றும் இரு கருத்து உண்டு, இருக்கட்டும். ஆனால் அவருக்கு வந்த தண்டனைப் பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தது பிழை. அதைச் சுட்டிக்காட்டிய இளைஞர் இதோ பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பெரியவர்களை இப்படிக் கேட்கலாமா என்று அன்றைக்கு அவரை அதட்டினோம். தம்பி, அந்த அதட்டலைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம். நீ கேட்டது சரி.

முகம் திருப்பிக்கொண்டு போன இருவரும் இங்கே வந்திருக்கிறீர்கள். கூட்டம் முடிந்ததும் தேநீர் உண்டு. ஒரே மேசையில் உட்கார்ந்து குடியுங்கள்.